அடுத்து நடப்பது முன்பே தெரியுமா? இயற்பியலின் இரண்டு பதில்கள்

தீபாவளி அமாவாசை எந்த நாளில் வரும், மலாக்கா நீரிணையில் நாளை எத்தனை மணிக்குக் கடல் ஏறும் என்பதை முன்கூட்டியே கணித்துவிடலாம். 1687ஆம் ஆண்டு நியூட்டன் வகுத்த விதிகளின்படி, ஒரு பொருளின் இடம், வேகம், அதன்மேல் செயல்படும் விசை ஆகியவை தெரிந்தால் அது அடுத்து எங்கிருக்கும் என்பதும் தெரியும். இதற்கு நியதிவாதம் என்று பெயர். செவ்வியல் இயற்பியலின் அடிப்படை இதுவே.

குலுக்கலில் உள்ள வாய்ப்பு

'நாலு நம்பர்' குலுக்கலில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் உள்ளன. ஓர் எண்ணுக்கு முதல் பரிசு கிடைக்க 10,000இல் ஒரு வாய்ப்பு. பந்துகள் நியூட்டன் விதிப்படிதான் மோதி உருள்கின்றன. ஒவ்வோர் அசைவையும் நம்மால் அளக்க முடியாததால் விடை தெரிவதில்லை. இங்கே வாய்ப்பு என்பது நம் அறியாமையின் அளவு.

அணுவுக்குள் உள்ள வாய்ப்பு

அணு உலகம் வேறு. குவாண்டம் சமன்பாடு தருவது நிகழ்தகவை மட்டுமே என்று 1926இல் மாக்ஸ் பார்ன் விளக்கினார். எவ்வளவு அளந்தாலும் தனித் துகளின் அடுத்த நடவடிக்கையை உறுதியாகச் சொல்ல இயலாது. ஐன்ஸ்டைனுக்கு இதில் கடைசிவரை மனநிறைவு இல்லை.

தமிழர் இருவர் கண்ட விளைவு

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ராமன் விளைவு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கொல்கத்தாவில் இதைக் கண்டனர். ராமனுக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒளி ஒரு திரவத்தில் பட்டுச் சிதறும்போது பெரும்பகுதி அதே நிறத்தில் வெளிவரும். சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடிக்கு ஒன்று மட்டும் நிறம் மாறும். அது எந்தத் துகள் என்று முன்பே சொல்ல முடியாது. ஆனால், கோடி கோடியாக எண்ணும்போது விகிதம் நிலையாக நிற்கும். நிறம் எவ்வளவு மாறுகிறது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். அதை வைத்துப் போலி மருந்தைக்கூட இன்று அடையாளம் காண்கிறார்கள்.

ஆகவே, வாய்ப்பு என்றால் விதியே இல்லை என்று பொருளல்ல. ஐந்தாம் படிவ இயற்பியலில் குவாண்டம் பாடத்தைப் படிக்கும் மாணவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய கருத்து இது.

நம்பர் எடுக்கும் பெரியவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. போன வாரம் விழுந்த எண் பந்துகளின் நினைவில் இருப்பதில்லை. அடுத்த குலுக்கலிலும் அதே 10,000இல் ஒன்றுதான்.