கைக்கடிகாரப் பழுதுபார்ப்பு: தொடக்கப் பயிற்சி

கைக்கடிகாரப் பழுதுபார்ப்பைக் கற்க வருபவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது நன்றாக ஓடுகிற கடிகாரம். நின்றுபோனதில் தொடங்கினால், பழுது முன்பே இருந்ததா, தம் கையால் வந்ததா என்று தெரியாது. தேதி காட்டுதல், தானாகச் சாவி ஏறுதல் போன்ற கூடுதல் வேலைகள் இல்லாத, சாவி கொடுக்கும் இயந்திரமே பயிற்சிக்கு ஏற்றது.

வெளிநாடுகளில் பலர் சுவிட்சர்லாந்தின் யூனிட்டாஸ் 6497 இயந்திரத்தில் தொடங்குகிறார்கள். சட்டைப்பைக் கடிகாரத்துக்காக உருவான அதன் விட்டம் 36.6 மி.மீ.; பாகங்கள் பெரியவை. இந்தியாவில் எளிதாகக் கிடைப்பது 17 கல் பதித்த எச்.எம்.டி. ஜனதா. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. பழைய ஜனதாக்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. டயலை மறுபடி அச்சிட்டு, பல கடிகாரங்களின் பாகங்களைக் கலந்து பூட்டியவையும் அவற்றில் உண்டு. சேகரிப்பவர் ஒதுக்கும் அத்தகைய கடிகாரம் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும்.

கருவிகளில் திருப்புளிக்கும் ட்வீசருக்கும் மட்டும் செலவுக்குத் தயங்கக் கூடாது. மலிவான திருப்புளியின் முனை வழுக்கினால் திருகின் தலையும் அருகிலுள்ள தகடும் கீறலாகும்.

கழற்றுவதில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு: கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் விசையை இறக்காமல், பல்சக்கரங்களின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் பேலட் ஃபோர்க்கைத் தொடக் கூடாது. தலைகீழாகச் சுழலாதபடி சாவிச் சக்கரத்தைத் தடுத்து நிற்கும் சிறு கொக்கி ‘கிளிக்’. சாவிக் குமிழை இரு விரலால் பிடித்துக்கொண்டு, கிளிக்கை மெல்ல விலக்கி, குமிழ் விரல்களுக்கிடையே சிறிது சிறிதாகப் பின்னோக்கிச் சுழல விட வேண்டும். விசை மிச்சமிருக்கும்போது ஃபோர்க்கை எடுத்தால் பல்சக்கரங்கள் கட்டற்றுச் சுழலும். பற்களோ அச்சு முனைகளோ சேதமாகலாம். அடுத்த கண்ணி, சாவியேற்றத்துக்கான சிறிய சக்கரத்தின் திருகு. பல இயந்திரங்களில் அது இடப்புரி. கழலவில்லையே என்று வழக்கமான திசையிலேயே முறுக்கினால் தலை முறிந்துவிடும்.

ஓட்டம் தளர்வதற்கு உடைந்த பாகத்தைவிட அழுக்கும் உலர்ந்த எண்ணெயுமே பெரும்பாலும் காரணம். ஆகவே கழற்றி, கழுவி, எண்ணெயிட்டுப் பூட்டுவதே இத்தொழிலின் அடிப்படைப் பாடம். மெதுவாகச் சுழன்று அதிக விசை தாங்கும் அச்சுகளுக்குக் கெட்டியான எண்ணெய், வேகமாகச் சுழல்பவற்றுக்கு மெல்லிய எண்ணெய். பேலட் ஃபோர்க்கின் அச்சு முனைகளுக்கு எண்ணெய் இடுவதில்லை. குறைவாக இட்டதைவிட அதிகமாக இட்டதே தொடக்கநிலையாளரின் வேலையில் மிகுதியும் காணும் குறை: மிகுந்தது அச்சைத் தாங்கும் கல்லில் தங்காமல் பரவி, பேலன்ஸ் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங் வரை போய்விடும்.

இத்தகைய பழைய இயந்திரங்களில் பல மணிக்கு 18,000 முறை துடிக்கும், நொடிக்கு ஐந்து. பூட்டிய பின் கடிகாரம் நாளுக்குப் பல நிமிடம் முந்தினால், வேகத்தைத் திருத்தும் நெம்பைத் தொடுமுன் காந்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். காந்தமேறிய ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வில்லின் நீளம் குறைந்ததுபோலாகி பேலன்ஸ் சக்கரம் விரைந்து ஆடும். காந்தநீக்கியில் சில விநாடி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.