மங்கலை வடிவமைத்தல்: புல ஆழ நீட்சியில் ஒளியியல் வடிகட்டியும் இயந்திரக் கற்றலும்

நோயியல் ஆய்வகங்களில் நாள்தோறும் புழங்கும் 40 மடங்குப் பொருளருகு வில்லையின் எண்ணியல் துளை பெரும்பாலும் 0.65. பச்சை ஒளியில் (அலைநீளம் சுமார் 0.55 மைக்ரோமீட்டர்) அந்த வில்லை ஒரே பார்வையில் தெளிவாகக் காட்டும் ஆழம் ஏறத்தாழ 1.3 மைக்ரோமீட்டர்தான். ஒரு சிவப்பணுவின் விட்டமே ஏழெட்டு மைக்ரோமீட்டர். அதனால்தான் நுண்ணோக்கியின் முன் அமர்பவரின் விரல் குவியத் திருகை விட்டு அகல்வதில்லை.

துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும் என்பது பழைய வழி. 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஒளிப்படக் கலைஞர்கள் மிகச் சிறிய துளை அளவான எஃப்/64-ஐயே தங்கள் குழுவின் பெயராக வைத்துக்கொண்டார்கள். மலைகளையும் பாறைகளையும் முக்காலியில் கேமராவை நிறுத்தி எடுப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகும். நுண்ணோக்கியில் கட்டுப்படியாகாது. எண்ணியல் துளையைப் பாதியாக்கினால் ஆழம் நான்கு மடங்காகும். ஆனால் உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும், பிரித்துக் காட்டும் திறனும் பாதியாகும். இந்தக் கணக்கிலிருந்து தப்பும் வழியாகத்தான் ஒளியியல் வடிகட்டியும் இயந்திரக் கற்றலும் இணைந்த முறை இன்று முன்வைக்கப்படுகிறது. இந்த இணைப்பில் எந்தச் சுமையை எது தாங்க வேண்டும் என்ற கேள்விக்கு நம் துறை இன்னும் நேராக முகங்கொடுக்கவில்லை. ஆழத்தை ஈட்டும் வேலை, ஒளி உணரியில் விழுமுன்பே முடிந்துவிட வேண்டும் என்பது என் வாதம். படத்தை மீட்கும் நரம்பு வலையமைப்பின் வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது.

சக்கர ஆரங்களைப் போல மையத்தில் கூடும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் கொண்ட சோதனை அட்டையைக் குவியத்திலிருந்து சற்று விலக்கிப் பாருங்கள். விளிம்பிலிருந்து மையத்தை நோக்கிப் போகையில் கோடுகள் மங்கி, ஓரிடத்தில் முற்றிலும் சாம்பலாகின்றன. அதற்கும் உள்ளே மீண்டும் கோடுகள் தெரிகின்றன, ஆனால் கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை, வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு. அந்தச் சாம்பல் வளையம்தான் விஷயமே. அந்த இடஞ்சார் அதிர்வெண்ணில் வில்லையின் கடத்துச் சார்பு, அதாவது மாறுபாட்டைக் கடத்தும் அளவு, சுழியாகிவிட்டது. உணரிக்கு அங்கே வந்து சேர்வது இரைச்சல் மட்டுமே. சுழியை எதனால் வகுத்தாலும் பெருக்கினாலும் தொலைந்த தகவல் திரும்பாது.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டௌஸ்கியும் தாமஸ் கேத்தியும் 1995-இல் இந்தச் சுழிகளையே குறிவைத்தார்கள். துளையின் குறுக்கே, ஆயத்தொலைவின் முப்படிக்கு ஏற்ப ஒளியின் கட்டத்தை மாற்றும் ஒளிபுகும் தகட்டை ஒளியியல் வடிகட்டியாக வைத்தார்கள். அலைமுகப்பு வேண்டுமென்றே உருக்குலைக்கப்படுகிறது. எந்த ஆழத்திலும் படம் தெளிவாக விழாது. ஆனால் எல்லா ஆழத்திலும் ஏறத்தாழ ஒரே விதமாக மங்கும், அந்த மங்கலின் கடத்துச் சார்பில் பயன்படும் எல்லைக்குள் சுழியும் இல்லை. ஆகவே ஒரே எதிர்வடிகட்டி முழுப் படத்தையும் மீட்டுவிடுகிறது. ஒளி சிறிதும் வீணாவதில்லை. முப்பது ஆண்டுக்குப் பிறகும் இந்தத் துறையின் மிக அழகான யோசனை இதுவே என்று நினைக்கிறேன்.

விலை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் கிடைக்கும் மாறுபாட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதை எல்லா ஆழங்களுக்கும் பங்கிட்டே ஆக வேண்டும். அனத் லெவினும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் இந்த வரம்பைக் கணித்துக் காட்டினார்கள். ஆழம் நீள நீள ஒவ்வொரு ஆழத்துக்கும் கிடைக்கும் பங்கு மெலியும். மெலிந்ததை எதிர்வடிகட்டி உயர்த்தும்போது இரைச்சலும் கூடவே உயரும். கூர்மையான விளிம்புகளை ஒட்டிப் போலிக் கோடுகள் முளைக்கும்.

இயந்திரக் கற்றலின் நியாயமான இடம் இங்கேதான். தகட்டின் வடிவத்தையும் படத்தை மீட்கும் வலையமைப்பையும் ஒரே கணிப்பில் சேர்த்து, பிழையைப் பின்பரப்பித் தகடுவரை கொண்டுபோகலாம். 2018-இல் ஸ்டான்ஃபோர்டில் வின்சென்ட் சிட்ஸ்மனின் குழுவும், டெல் அவிவில் எல்மலம், கிரியேஸ், மரோம் ஆகியோரும் இந்த வழியில் சென்றார்கள். பின்னவர்களின் தகடு சில வளையங்களால் ஆனது. அது சிவப்பு, பச்சை, நீலத்தை வெவ்வேறு ஆழங்களில் குவிக்கிறது. எந்த ஆழத்திலும் ஒரு நிறமாவது கூர்மையாக இருக்கும், அதன் விளிம்புகளை வலையமைப்பு மற்ற நிறங்களுக்குக் கொடுக்கிறது. இயற்கைக் காட்சிகளில் நிறங்கள் ஒன்றையொன்று ஒட்டியே மாறுவதால் இது பலிக்கிறது. ஒரே சாயம் ஒளிரும் திசுவில் கடன் வாங்க இரண்டாவது நிறம் கிடையாது. அங்கே இந்தத் தகட்டை அப்படியே கொண்டுபோவது தவறு.

ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தாரும் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தாரும் 2020-இல் வெளியிட்ட டீப்டாஃப் நுண்ணோக்கி திசுவுக்கென்றே அமைந்தது. எண்ணியல் துளை 0.13 கொண்ட 4 மடங்கு வில்லைக்கு இயல்பில் கிடைக்கும் ஆழம் நாற்பது மைக்ரோமீட்டரை ஒட்டியே இருக்கும். கற்றுப் பெற்ற கட்டத்தகட்டோடு அது 200 மைக்ரோமீட்டராயிற்று. அறுவைக்கூடத்திலிருந்து வரும் திசுவின் வெட்டுப்பரப்பு மேடுபள்ளமானது. அதை உறையவைத்துச் சீவாமல், மேலே சாயம் பூசி, மீண்டும் மீண்டும் குவிக்காமல் படமெடுக்க இந்த ஆழம் உதவுகிறது. கட்டியின் ஓரம் முழுதாக நீங்கிவிட்டதா என்று மேசையருகே காத்திருக்கும் அறுவை மருத்துவருக்கு மிச்சமாகும் நிமிடங்கள் சாதாரணமானவை அல்ல.

தகடு எதற்கு, சாதாரண வில்லையின் மங்கலான படத்தையே கொடுத்தால் நன்கு பயின்ற வலையமைப்பு தெளிவாக்கித் தராதா என்று கேட்பவர்கள் உண்டு. தெளிவாக்கித் தரும், கண்ணுக்கும் நன்றாகவே இருக்கும். கைபேசியில் எடுத்த பிறந்தநாள் படத்துக்கு அது போதும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சாம்பல் வளையத்தில் தொலைந்த அதிர்வெண்களை வலையமைப்பு நிரப்புவது, பயிற்சியில் கண்ட வேறு திசுக்களின் சாயலைக் கொண்டு. அந்த நிரப்பல் சராசரித் திசுவுக்குப் பொருந்தும். நோயாளியின் உட்கரு சராசரியிலிருந்து விலகியிருக்கும் இடத்தில்தான், அதாவது நோய் இருக்கும் இடத்தில்தான், பொருந்தாமல் போகும் வாய்ப்பு மிகுதி. தகட்டோடு வேலை செய்யும் வலையமைப்பும் முன்னறிவைப் பயன்படுத்துகிறது என்பது உண்மையே. ஆனால் அதன் கையில் மெலிந்ததாயினும் அளந்து பெற்ற சமிக்ஞை இருக்கிறது. இட்டுக்கட்ட வேண்டிய இடம் குறைவு.

ஆகவே இத்தகைய கருவிகளை மதிப்பிடும் கட்டுரைகள், சமிக்ஞை இரைச்சல் விகிதத்தின் சராசரியைத் தந்துவிட்டு நிறுத்திக்கொள்வதை ஏற்க முடியாது. ஆயிரம் படங்களின் சராசரிக்குள் ஓர் உட்கருவின் விளிம்பு எளிதில் மறைந்துபோகும். வலையமைப்பு தொடுமுன் ஒவ்வொரு ஆழத்திலும் கடத்துச் சார்பு என்ன, அது இரைச்சல் மட்டத்துக்கு மேலே எந்த அதிர்வெண்வரை நிற்கிறது என்பதை வரைபடமாகத் தர வேண்டும். அதுவும் கணினிப் பாவனையில் பெற்றதாக இருக்கக் கூடாது. தகட்டைச் செதுக்கும்போது வரும் உயரப் பிழையும், வில்லையோடு பொருத்துகையில் வரும் மையப் பிசகும் புள்ளிப்பரவலை, அதாவது ஓர் ஒளிப்புள்ளி படத்தில் பரவும் வடிவத்தை, மாற்றிவிடும். எனவே செய்து பொருத்திய கருவியின் அடியில் ஒரு நுண்ணிய ஒளிர்மணியை வைத்து, ஆழம் ஆழமாக நகர்த்தி, புலத்தின் நடுவிலும் மூலைகளிலும் அளந்த எண்களே வேண்டும்.