சாப்பாவும் பதிவேடும்: மட்டாஞ்சேரியில் ஆள் எடுத்த வரலாறு

கொச்சியின் ஒரு பகுதியான மட்டாஞ்சேரியின் வாணிபத்தைப் பற்றிய நூல்கள் மிளகின் விலையையும், அதற்காகப் போட்டியிட்ட போர்ச்சுக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோரின் பூசல்களையும் விரிவாகப் பேசுகின்றன. அந்த மிளகைச் சலித்து, மூட்டை கட்டி, தோணியில் இறக்கி, கப்பலின் அடியறையில் அடுக்கி வைத்தவர்கள் எவ்வாறு வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதற்கு அவற்றில் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. ஆயினும் ஜூ டவுனையும் அதை ஒட்டிய கடைத்தெருவையும் துறைமுகத்தையும் சேர்த்து நோக்கினால், ஒரு வணிக ஊர் தனக்கு வேண்டிய ஆட்களைத் திரட்டிக்கொண்ட வழிகள் ஏறத்தாழ எல்லாமே அங்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்டிருப்பது தெரியவரும். அவ்வழிகளுக்கிடையே இருந்த உண்மையான வேறுபாடு நல்ல ஆளை அடையாளம் காணும் திறமையில் இல்லை; வேலை இல்லாத நாளின் பசியை யார் சுமப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொன்றும் அளித்த விடையிலேயே இருந்தது.

ஜூ டவுன் என இன்று அழைக்கப்படும் தெரு, 1555இல் போர்ச்சுக்கீசியர் கொச்சி அரசருக்குக் கட்டிக்கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையின் அருகில், அரசரின் பாதுகாப்பை நம்பிக் குடியேறிய யூதர்களால் உருவானது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்ற பொருளில் பரதேசி யூதர் எனப்பட்ட அவர்கள் 1568இல் எழுப்பிய தொழுகைக்கூடம் அத்தெருவின் முனையில் இன்றும் நிற்கிறது. அதன் மணிக்கூண்டு 1760 அளவில், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதன்மை வணிகராக இருந்த எசக்கியேல் ராகபியின் காலத்தில் அமைந்தது. யூதரோடு கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர் எனப் பல இனத்தார் அண்டை அண்டையாகக் கடை வைத்திருந்த இப்பகுதியில், கணக்குப்பிள்ளை முதல் கிடங்குக் காவலாள் வரை பொறுப்பான வேலை அனைத்தும் உறவினர் வழியாகவோ, சாதியார் வழியாகவோ, ஏற்கனவே பணியில் இருந்தவர் சொன்ன சொல்லின் பேரிலோதான் கொடுக்கப்பட்டது. தவறு நேர்ந்தால் சிபாரிசு செய்தவரின் மதிப்பே குறையும் என்பதால் அச்சொல்லுக்குப் பிணைப்பத்திரத்தின் வலு இருந்தது. சில வேளைகளில் தனி ஆளை அல்லாது ஒரு தொழில் சமூகத்தையே வரவழைக்கும் வழக்கமும் உண்டு: தம் படையினரின் உடைகளை வெளுப்பதற்காக ஒல்லாந்தர் தமிழகத்திலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்தனர் என்பது, ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் இன்றும் சலவைத் தொழில் செய்யும் தமிழ் வண்ணார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு.

இவ்வாறு நம்பிக்கையின் மேல் நின்ற பணிகளுக்குக் கீழே, தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லாத இன்னொரு தளம் இருந்தது. ஒல்லாந்தர் காலக் கொச்சி அடிமை வாணிபம் நடந்த துறைமுகங்களுள் ஒன்று; ஆளை அமர்த்துவதற்குப் பதில் ஆளையே விலைக்கு வாங்கும் அவ்வழக்கம் கொச்சி அரசில் சட்டப்படி முடிவுக்கு வந்தது 1850களின் நடுப்பகுதியில்தான். யூத வீடுகளிலும் அடிமைகள் இருந்தனர். விடுவிக்கப்பட்ட பின் யூத சமயத்தைப் பின்பற்றிய அவர்களின் வழித்தோன்றல்கள், விடுதலை பெற்றோர் எனப் பொருள்படும் மெசுக்ராரிம் என்ற பெயரால் தனித்து வைக்கப்பட்டு, பரதேசித் தொழுகைக்கூடத்தில் சமமாக அமரும் உரிமை இன்றி நெடுங்காலம் இருந்தனர். அந்த உரிமைக்காகக் காந்திய வழியில் அறப்போர் நடத்தி வென்ற வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) அவ்வழித்தோன்றல்களுள் ஒருவர். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராகப் பணியாற்றிய அவர் தொழிற்சங்க இயக்கத்துக்கும் ஆதரவாளராக இருந்தார். உழைப்பவரின் மதிப்பு என்ற பொருள் ஜூ டவுனுக்குள் முதலில் எழுந்தது கிடங்கு வாசலில் அன்று, தொழுகைக்கூடத்தின் இருக்கைகளின் மீது என்பதை வரலாற்றாசிரியர் குறித்துக்கொள்ள வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வோல்கார்ட் பிரதர்ஸ், பியர்ஸ் லெஸ்லி, ஆஸ்பின்வால் முதலிய ஐரோப்பிய நிறுவனங்கள் கொச்சியில் வேரூன்றியபோது ஏற்றுமதி பெருகியது. கூலியாட்களின் தேவையும் பெருகியது. அக்காலத்தில் பெரிய கப்பல்கள் கழிமுகத்தின் மணல்திட்டைக் கடந்து உள்ளே வர முடியாமல் வெளிக்கடலில் நங்கூரமிட்டன. தோணிகளே சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்த வேலையும் பெரும்பாலும் நின்றுபோகும். 1920இல் பொறுப்பேற்ற பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ மணல்திட்டை வெட்டிக் கால்வாய் அமைத்ததன் விளைவாக, 1928 மே 26 அன்று பத்மா என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் கப்பல் வரும் வழி திறந்தபோதிலும், எந்த நாளில் எத்தனை கப்பல் வரும் என்பது முன்கூட்டியே தெரியாத நிலை மாறவில்லை. ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் தேவைப்படலாம். அடுத்த வாரத்தில் சில நூறு பேர் போதும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தம் கணக்கில் சேர்க்க விரும்பாத கப்பல் நிறுவனங்கள், ஸ்டீவடோர் எனப்படும் சரக்கு ஏற்றியிறக்கும் ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைத்தன. அவர் மூப்பனிடம் ஒப்படைத்தார். மூப்பன் என்பவர் கூலிக் குழுவுக்குத் தலைவராகவும் ஆள் எடுப்பவராகவும் கூலியைப் பங்கிடுபவராகவும் இருந்த இடைத்தரகர். தமிழ் வாசகர் அறிந்த கங்காணிக்கு நெருங்கிய உறவினர்.

மூப்பன் கையில் இருந்த கருவியே சாப்பா. அது உலோகத்தாலான சிறு வில்லை. அதை வைத்திருப்பவருக்கு அன்றைய ஒரு நாள் வேலை உண்டு, அவ்வளவே அதன் பொருள். விடிவதற்கு முன்பே வேலை தேடுவோர் துறைமுக வாசலில் கூடுவர். மூப்பன் வந்து தனக்கு வேண்டியவர்களுக்குச் சிலவற்றைக் கையில் கொடுத்துவிட்டு, எஞ்சிய வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவார். அவற்றைப் பொறுக்குவதற்காக மனிதர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, மிதிபட்டு, கைகால் முறிந்து போராடுவர். வில்லையைப் பிடித்தவர் உள்ளே செல்வார், பிடிக்காதவர் வீடு திரும்புவார். கடன் கேட்காமலும் மூப்பனுக்குக் கையூட்டுக் கொடுக்காமலும் இந்த வாழ்க்கையை ஓட்டுவது அரிது. சாப்பா தவறாமல் கிடைக்க வேண்டுமென்றால் கூலியில் ஒரு பகுதியை அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

இதைக் கொடுமை என்று கூறுவதோடு நிறுத்திவிட்டால் இதன் முழு இயல்பும் விளங்காது. ஆள் எடுக்கும் முறை என்ற அளவிலும் இது தோல்வியுற்ற முறை. கப்பலின் அடியறையில் சரக்கை அடுக்குவது வெறும் உடல் வலிமையால் ஆகும் வேலை அன்று: மிளகு ஈரத்தை உறிஞ்சும், கயிறும் தேயிலைப் பெட்டியும் முந்திரியும் ஒரே அறையில் போகும்போது எது கீழே, எது மேலே, எதன் வாசம் எதில் ஏறும் என்பது தெரிந்திருக்க வேண்டும், எடை ஒருபுறம் சாய்ந்தால் கப்பலுக்கே ஆபத்து. பாரம் தூக்கும் பொறியை இயக்குபவர் கண் இமைத்தால் கீழே நிற்பவர் உயிர் போகும். இத்தகைய வேலைக்கு, கைகலப்பில் வென்று வில்லையைக் கைப்பற்றியவரே தகுதியானவர் என்று கருதிய ஒரு முறை, தேர்வு செய்யவே மறுத்த முறை என்பதுதான் சரியான விளக்கம். இன்று நன்றாக உழைத்தவருக்கு நாளை வேலை உண்டு என்ற உறுதி இல்லாதபோது நன்றாக உழைப்பதற்கான காரணமும் தேய்ந்துபோகிறது. இருந்தும் அது நீடித்ததற்குக் காரணம் தெளிவு: காத்திருக்கும் செலவு முழுவதும் தொழிலாளியின் தலையில் விழுந்தது, நிறுவனத்தின் ஏட்டில் அது ஒரு காசாகக்கூடப் பதிவாகவில்லை.

இடைத்தரகர் வழியே ஆள் திரட்டுவது மட்டாஞ்சேரிக்கு மட்டும் உரிய குறை அன்று. இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தொழிலாளரை அழைத்துச் சென்ற கங்காணி, அவர்களைக் கடனால் கட்டிவைத்தார். அக்கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த துண்டு என்னும் சீட்டு, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்கள் கைமாறும் விலைச்சீட்டாகவே பயன்பட்டு, 1921இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. லண்டன் துறைமுகத்திலும் நாள்தோறும் வாசலில் கூடியவர்களிலிருந்து ஆள் பொறுக்கும் வழக்கமே 1889ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்துக்கு ஒரு காரணமாயிற்று. லிவர்பூல் துறைமுகத்தில் 1912இல் வந்த சீர்திருத்தம் மட்டாஞ்சேரியோடு ஒப்பிடத்தக்கது: அங்கும் தொழிலாளிக்கு உலோக வில்லைதான் கொடுத்தார்கள், ஆனால் அது அவர் பதிவு பெற்ற துறைமுகத் தொழிலாளி என்பதற்கான நிலையான அடையாளம். அங்கே வில்லையில் இருந்த எண் ஒரு மனிதருக்கு உரியது. இங்கே வில்லை எவருக்கும் உரியதன்று, அன்று மாலையே மூப்பனிடம் திரும்பிவிடும்.

துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்து, அன்றாடக் கூட்ட முறையை ஒழிக்க வேண்டும் என்று, விட்லி தலைமையில் 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த அரச தொழிலாளர் ஆணையம் பரிந்துரைத்தது. அதற்கான சட்டம் வருவதற்கு 1948 ஆயிற்று. துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் எனப்படும் அது, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித் திட்டம் வகுக்க வழி செய்ததே தவிர, கொச்சியின் வாசலில் சாப்பா வீசுவதை உடனே நிறுத்திவிடவில்லை. இதற்கிடையே கொச்சியில் வலுப்பெற்ற தொழிற்சங்கங்கள், ஆள் எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதையே தம் போராட்டத்தின் மையமாக்கின. சாப்பாவை விநியோகிக்கும் உரிமை சங்கத்துக்கா, ஸ்டீவடோருக்கா என்ற வழக்கு, கூலி உயர்வுக் கோரிக்கையைக் காட்டிலும் ஆழமாகச் சென்றது. 1953இல் நெடிது நீண்ட வேலைநிறுத்தத்தின் முடிவில், செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்தப் போராட்டத்தில் உயிர் நீத்தவர்களாகச் சைது, சைதலவி, அந்தோணி ஆகியோரின் பெயர்கள் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் ஏ. ஜே. ஜான் தலைமையிலான அரசு ஆட்சியில் இருந்தது. கே. எம். சிதம்பரன் எழுதிய நாடகத்தைத் தழுவி இராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளியான துறமுகம் என்ற மலையாளத் திரைப்படம், சாப்பா வீசும் காட்சியைப் புதிய தலைமுறையின் கண்முன் கொண்டுவந்தது.

1959ஆம் ஆண்டுக் கொச்சித் துறைமுகத் தொழிலாளர் திட்டமும் அதன்வழி அமைந்த துறைமுகத் தொழிலாளர் வாரியமும்தான் உண்மையான திருப்பம். அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய மூன்று தரப்பின் பிரதிநிதிகளும் அமர்ந்த அந்த வாரியம் தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுதியது. குழுக்களைச் சுழற்சி முறையில் வேலைக்கு அனுப்பியது. மாதத்தில் குறைந்தபட்சம் இத்தனை நாள் கூலி உண்டு என்று உறுதி அளித்தது. வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படி கொடுத்தது. இதற்கான செலவை முதலாளிகளிடம் தீர்வையாக வசூலித்தது. வெளிப்பார்வைக்கு இவை அலுவலக விதிகள். ஆனால் காத்திருப்பதற்கு விலை உண்டு என்பதும், அவ்விலையைச் செலுத்த வேண்டியவர் வேலை கொடுப்பவர் என்பதும் மட்டாஞ்சேரியில் முதன்முதலாக ஏட்டில் ஏறியது இவ்விதிகளின் வழியாகத்தான். பதிவேடு தேர்வையும் சாத்தியமாக்கியது: பெயர் தெரிந்த ஒருவருக்கே பயிற்சி அளிக்கவும், அனுபவத்தைக் கணக்கிடவும், பொறி இயக்குபவராகவோ குழுத்தலைவராகவோ உயர்த்தவும் முடியும்.

கடைத்தெருவில் இதே மாற்றம் பின்னர் வந்தது. அவ்வளவு சீராகவும் வரவில்லை. தலைச்சுமையாக மூட்டை ஏற்றியிறக்கும் சுமட்டுத் தொழிலாளரைப் பகுதிவாரியாகப் பதிவு செய்ய 1978ஆம் ஆண்டுக் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டமும் 1983ஆம் ஆண்டுத் திட்டமும் வழி வகுத்தன. அவற்றின்படி வாரியத்தில் பதிவு பெற்ற குழுவுக்கு அப்பகுதியின் வேலையில் உரிமை உண்டு. வணிகர் தம் விருப்பப்படி வெளியாளை அமர்த்திக்கொள்ள இயலாது. இந்த உரிமையின் நிழலில், கையால் தொடாத சுமைக்கும் பணம் கேட்கும் நோக்குக்கூலி என்ற தீய வழக்கம் கேரளத்தில் வளர்ந்து, 2018 மே 1 முதல் அரசால் தடை செய்யப்பட்டது. நோக்குக்கூலியைக் காட்டிப் பதிவு முறையையே பழிப்பவர்கள் அதற்கு முன் இருந்தது சாப்பா என்பதை மறந்துவிடுகின்றனர். பதிவு முறையைக் காப்பாற்ற விரும்புபவர்களும் நோக்குக்கூலிக்குச் சாக்குச் சொல்லாமல் இருப்பதே அதற்கு வலு சேர்க்கும்.

பதிவேட்டின் எல்லைக்கு வெளியே நின்றவர்கள் பெண்கள். 1957இல் உருவாகி ஜூ டவுனில் தன் கூடத்தை அமைத்துக்கொண்ட இந்திய மிளகு, வாசனைப்பொருள் வணிகச் சங்கத்தில், தரகர்கள் உரக்கக் கூவி வருங்காலத்து மிளகுக்கு விலை பேசினர். உலகச் சந்தையே அவ்விலையைக் கவனித்தது. அவர்கள் விலை பேசிய தரம், தூசியும் காம்பும் பதரும் நீக்கிச் சுத்தம் செய்த மிளகின் தரம். அதை உண்டாக்கியது பக்கத்துப் பண்டகசாலைகளில் தரையில் அமர்ந்து முறத்தால் புடைத்த, சுக்கைத் தோல் பார்த்துப் பிரித்த பெண்களின் கண்ணும் விரலும். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரியின் சொல்லைக் கொண்டும் தாயின் பின்னால் மகளாகவும் வேலைக்கு வந்தவர்கள். சுமை தூக்குவோருக்காக எழுதப்பட்ட சட்டத்தின் வரையறைக்குள் புடைப்பவரும் பொறுக்குபவரும் வரவில்லை. மட்டாஞ்சேரியின் மிக நுட்பமான கைத்திறன், அதன் மிகக் குறைந்த பாதுகாப்புள்ள வேலையாக இருந்தது என்பது இவ்வரலாற்றின் பெரிய அநீதி.

மூட்டைகளின் இடத்தை எஃகுப் பெட்டிகள் படிப்படியாகப் பிடித்துக்கொண்டன; 2011இல் வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையமும் திறந்தது. அடியறையில் அடுக்கும் குழுக்களின் தேவை சுருங்கியது. ஜூ டவுனின் யூதக் குடும்பங்கள் 1948க்குப் பின் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் புலம்பெயர்ந்துவிட, அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில் பழம்பொருள் கடைகளும் காஷ்மீர வணிகரின் கைவினைக் கடைகளும் இடம்பெற்றன. அங்கேயே தங்கிவிட்டவரும் தையல் வேலைப்பாட்டுக்காக அறியப்பட்டவருமான யூதப் பெண்மணி சாரா கோகன் 2019இல் மறைவதற்கு முன்பே, அவரது கடையைப் பல ஆண்டுகளாக நடத்திவந்தவர் அதே தெருவில் சிறுவயதில் சிறு பொருள் விற்றுப் பழகிய ஓர் இஸ்லாமியர். ஆள் அமர்த்துவதில் பழகிய முகமும் நம்பிய சொல்லும் கொண்டிருந்த இடம் அத்தெருவில் முற்றிலும் மறையவில்லை. காஷ்மீரக் கடைகளுக்கும் விற்பனையாளர் சொந்த ஊரிலிருந்தே வருகின்றனர். கட்டட வேலைக்கும் கிடங்கு வேலைக்கும் வங்காளம், அசாம், ஒடிசா மாநிலங்களிலிருந்து வருவோரை ஒப்பந்தக்காரரே அழைத்துவருகிறார்; அவர்களுக்கு வேலை இல்லாத நாளின் கூலியை ஏற்கும் வாரியம் எதுவும் இன்னும் அமையவில்லை.