தேய்மானம்: ஒரு ஜெர்மன் காரின் இரண்டு கணக்குகள்

கணக்குப்பதிவியல் படிப்பவர்களுக்கு முதல் வருடத்திலேயே அறிமுகமாகிவிடும் வார்த்தை ‘தேய்மானம்’. ஒரு சொத்து எத்தனை வருடம் உழைக்கும், வருடத்துக்கு எவ்வளவு கழிப்பது, கடைசியில் என்ன மிஞ்சும்? மூன்றே கேள்விகள். பரீட்சையில் எழுதி முடித்ததும் பலருக்கு அது மறந்துவிடும்.

ஆனால் பி.எம்.டபிள்யூ என்ற கம்பெனி இன்றைக்குத் தனிக் கம்பெனியாக இருப்பதற்கு இப்படி ஒரு கணக்கும் காரணம். அதே கம்பெனி செய்த வேகமான சொகுசுக் கார்களை செகண்ட் ஹேண்டில் வாங்கிய பலர் கையைச் சுட்டுக்கொண்டதற்கும் இதே கணக்குதான் காரணம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுக்கதையும் புரியும்.

1959: ஒரு பேலன்ஸ் ஷீட் செய்த வேலை

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பி.எம்.டபிள்யூவின் நிலைமை பரிதாபமானது. ஒரு பக்கம் பெரிய வி8 எஞ்சின் வைத்த ஆடம்பரக் கார்கள். வாங்க ஆள் குறைவு. இன்னொரு பக்கம் முட்டை வடிவத்தில் ‘இசெட்டா’ என்ற குட்டிக் கார். விற்றது, ஆனால் லாபம் சொற்பம். நடுத்தர மக்கள் வாங்கும்படியான கார் நடுவில் இல்லை. நஷ்டம் ஏறிக்கொண்டே போனது.

1959 டிசம்பர் 9 அன்று மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம் நடந்தது. டாய்ச்ச வங்கியின் ஆதரவோடு நிர்வாகம் வைத்த திட்டம், கம்பெனியை டைம்லர் பென்ஸ் கையில் ஒப்படைப்பது. அதாவது மெர்சிடிஸ் கார் செய்யும் போட்டிக் கம்பெனியிடம்! வங்கிகளின் கையில் ஏராளமான வாக்குகள் இருந்ததால் முடிவு ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

சிறு பங்குதாரர்களும் கார் டீலர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பக்கம் நின்றவர்களில் முக்கியமானவர்கள் இருவர்: எரிக் நோல்ட் என்ற நிலக்கரி வியாபாரி, ஃப்ரீட்ரிக் மாத்தெர்ன் என்ற வக்கீல். இவர்கள் பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டியபோது ஒரு விஷயம் சிக்கியது. அப்போது புதிதாக வந்திருந்த ‘பி.எம்.டபிள்யூ 700’ காரின் வடிவமைப்புச் செலவு முழுவதையும் ஒரே வருடக் கணக்கில் கழித்திருந்தார்கள். பல வருடம் விற்கப்போகிற காரின் செலவைப் பல வருடங்களுக்குப் பிரித்துப் போடுவதல்லவா முறை? ஒரே வருடத்தில் கழித்ததால் கம்பெனி இருப்பதைவிட மோசமாகத் தெரிந்தது.

கணக்கில் இப்படிக் குறை இருந்தால், பத்து சதவிகித வாக்குகள் இருந்தாலே கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று சட்டம் சொன்னது. அந்த வாக்குகள் கிடைத்தன. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. டைம்லர் பென்ஸ் திட்டம் காலாவதியானது. அதன்பின் ஹெர்பர்ட் குவாண்ட் என்ற தொழிலதிபர் துணிந்து தன் பங்கைக் கூட்டிக்கொண்டு கம்பெனியைக் காப்பாற்றினார். தேறாது என்று கணக்கில் ஒரே வருடத்தில் தீர்க்கப்பட்ட அந்த 700 கார், 1965 வரை சுமார் 1,88,000 விற்றது!

வேகமும் நான்கு கதவுகளும்

பிழைத்த கம்பெனி 1961-ல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் ‘1500’ என்ற காரைக் காட்டியது. நான்கு கதவு, குடும்பத்துக்கு இடம், ஆனால் ஓட்டுவதற்குப் பந்தயக் காரின் சுறுசுறுப்பு. 1968-ல் வந்த ‘2002’ இரண்டு கதவுக் கார் என்றாலும், இந்தச் சுறுசுறுப்பை உலகம் முழுவதும் பிரபலமாக்கியது. 1972-ல் 5 சீரிஸ், 1975-ல் 3 சீரிஸ். ‘ஸ்போர்ட்ஸ் செடான்’ என்ற வகைக்கே பி.எம்.டபிள்யூ அடையாளமாகிவிட்டது என்றால் மிகையில்லை.

1985-ல் ஒரு படி மேலே போனார்கள். ‘எம்1’ என்ற பந்தய வம்சத்துக் காரின் எஞ்சினைச் சாதாரண 5 சீரிஸ் உடம்புக்குள் வைத்தார்கள். அதுதான் முதல் ‘எம்5’. 286 குதிரைசக்தி. வெளியே பார்த்தால் அலுவலகம் போகும் கார். நெடுஞ்சாலையில் ஸ்போர்ட்ஸ் காரைத் துரத்தும். உலகம் முழுவதற்கும் சுமார் 2,200 கார்கள்தான் செய்தார்கள். மெர்சிடிஸ் சும்மா இருக்குமா? 1990-ல் ‘500 இ’ வந்தது. அதைச் செய்வதில் போர்ஷே கம்பெனியும் பங்கெடுத்தது.

1998-ல் வந்த மூன்றாம் தலைமுறை எம்5-ல் (இ39 என்பது அதன் குறியீடு) 400 குதிரைசக்தி கொண்ட வி8 எஞ்சின். 2005-ல் வந்த அடுத்ததில் பத்து சிலிண்டர், 507 குதிரைசக்தி. இந்த இரண்டும் தலா இருபதாயிரத்துக்கு மேல் உற்பத்தியாயின. கைவினைப் பொருள் மாதிரி இருந்தது, சந்தைச் சரக்காக மாறிவிட்டது. சந்தைச் சரக்கு என்றால் பழைய சரக்கும் உண்டு. இரண்டாவது கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆறு வருட ஆயுள்

ஜெர்மனியில் விலை உயர்ந்த கார்களில் பெரும்பகுதியைத் தனிமனிதர்கள் சொந்தக் காசில் வாங்குவதில்லை. கம்பெனிகள் தங்கள் அதிகாரிகளுக்காக வாங்குகின்றன, அல்லது மூன்று வருடக் குத்தகைக்கு எடுக்கின்றன. வரிக்கணக்குக்காக அந்நாட்டு நிதி அமைச்சகம் வெளியிட்ட தேய்மானப் பட்டியலில், 2001 முதல் ஒரு காரின் ஆயுள் ஆறு வருடம். அதற்கு முன்பு ஐந்து வருடம்தான்.

அதாவது ஆறு வருடத்தில் ஏட்டில் கார் செத்துவிடுகிறது. ரோட்டில் அது இருபது வருடம் ஓடுகிறது. மீதி பதினான்கு வருடத்துக்கு யார் பொறுப்பு? இரண்டாவது, மூன்றாவது, நான்காவது சொந்தக்காரர்!

குத்தகை முடிந்த கார்கள் வருடா வருடம் மொத்தமாகச் சந்தைக்கு வருகின்றன. புதிய கார் வாங்க வசதியுள்ளவர் புதியதையே வாங்குவார். பழையதை வாங்க ஆசைப்படுபவருக்கு அதைப் பராமரிக்க வசதி இல்லை. வரத்து அதிகம், தேவை குறைவு. விலை சரிகிறது. அமெரிக்காவில் புதிதாக ஏறத்தாழ 70,000 டாலருக்கு விற்ற எம்5, சில வருடங்களில் சாதாரணப் புதுக் கார் வாங்கும் பணத்துக்கே கிடைத்தது. பார்ப்பவருக்கு அது அதிர்ஷ்டம் போலத் தெரிந்தது.

விலை தேயும், செலவு தேயாது

அங்கேதான் பலர் ஏமாந்தார்கள். காரின் விலை குறைந்ததே தவிர, அதன் உதிரி பாகங்களின் விலை குறையவில்லை. பிரேக் டிஸ்க், கிளட்ச், ஷாக் அப்சார்பர் எல்லாம் புதுக் காரின் தகுதிக்கு ஏற்ற விலையில்தான் இன்றும் விற்கின்றன. பாதி விலைக்கு வாங்கிய காருக்குப் பாதி விலையில் பிரேக் கிடைக்காது.

ஒவ்வொரு தலைமுறைக்கும் தனித்தனி வியாதிகளும் உண்டு. 1990-களின் முற்பகுதியில் வந்த பி.எம்.டபிள்யூ வி8 எஞ்சின்களில் சிலிண்டர் சுவருக்கு ‘நிகாசில்’ என்ற பூச்சு கொடுத்தார்கள். கந்தகம் அதிகமுள்ள பெட்ரோல் விற்ற நாடுகளில் அந்தப் பூச்சு அரித்துப்போய் எஞ்சினையே மாற்றவேண்டி வந்தது. அதே காலத்து மெர்சிடிஸ் கார்களில் எஞ்சின் வயர்களின் மேலுறை சூட்டில் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. இ39 வகையில் ரேடியேட்டர் முனைகளும் தண்ணீர்த் தொட்டியும் பிளாஸ்டிக். வருடக்கணக்காகச் சூடேறி ஆறியதில் அவை விரிசல் விடும். கவனிக்காமல் ஓட்டினால் அலுமினிய எஞ்சின் சூடாகி வளைந்துவிடும். பத்து சிலிண்டர் எம்5-ல் கனெக்டிங் ராடு பேரிங்குகள் சீக்கிரம் தேய்வது பிரசித்தம். விஷயம் தெரிந்தவர்கள் சத்தம் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள்.

இதில் சுவாரஸ்யமானது ‘ஆயுள் முழுவதற்குமான எண்ணெய்’. 1990-களில் வந்த பல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு எண்ணெயே மாற்றவேண்டாம் என்று கார் கம்பெனி சொன்னது. ஆனால் பி.எம்.டபிள்யூவுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ‘இசட்.எஃப்’ கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. இரண்டில் எது சரி? முதல் சொந்தக்காரரின் மூன்று வருடத்தை ‘ஆயுள்’ என்று வைத்துக்கொண்டால் கார் கம்பெனி சொன்னதில் தப்பே இல்லை. இரண்டாவது ஆளின் ஆயுளைக் கணக்கில் எடுத்தால்தான் தப்பு தெரியும்.

எலுமிச்சைச் சந்தை

விற்பவருக்குக் காரின் வண்டவாளம் முழுக்கத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஒரு வரியை வைத்து ஜார்ஜ் அகெர்லோஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் மோசமான காருக்கு ‘எலுமிச்சை’ என்று பெயர். எது நல்லது, எது எலுமிச்சை என்று தெரியாததால் வாங்குபவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே கொடுக்க முன்வருவார். அந்த விலை கட்டாததால் நல்ல காரை வைத்திருப்பவர் விற்காமல் ஒதுங்குவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது எலுமிச்சைகள்! மூன்று இதழ்கள் நிராகரித்த பிறகே அந்தக் கட்டுரை அச்சேறியது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஜெர்மனி இந்த நோய்க்குச் சட்டத்தால் வைத்தியம் பார்த்தது. 1951 முதல் வாகனங்களுக்குக் கட்டாயப் பரிசோதனை உண்டு. இப்போது புதிய காருக்கு மூன்றாவது வருடம், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 2002 முதல் டீலரிடம் பழைய கார் வாங்குபவருக்கு, விற்கும்போதே இருந்த குறைகளுக்குக் குறைந்தது ஒரு வருடம் டீலர் பொறுப்பு. 2005-ல் கிலோமீட்டர் மீட்டரைத் திருத்துவது கிரிமினல் குற்றமானது.

பலன் இருந்தது. ஆனால் சட்டம் எங்கே அடைத்ததோ, வியாபாரம் அதன் பக்கத்தில் வழி கண்டுபிடித்தது. பொறுப்பேற்க விரும்பாத டீலர்கள் வயதான கார்களை ‘ஏற்றுமதிக்கு மட்டும்’ என்று எழுதி விற்கத் தொடங்கினார்கள்.

வாங்குபவர் போடவேண்டிய கணக்கு

ஆக, பழைய ஜெர்மன் கார் வாங்கவே கூடாதா? அப்படியில்லை. கணக்கை மாற்றிப் போடவேண்டும், அவ்வளவுதான்.

முதலாவது, விலையைவிட ரசீதுகளைப் பார்ப்பது முக்கியம். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை மட்டும் போதாது. எந்த பாகம், எத்தனையாவது கிலோமீட்டரில் மாறியது என்று பில் இருக்கவேண்டும். எலுமிச்சைச் சந்தையில் நல்ல காரை அடையாளம் காட்டுவது அந்தப் பில் கட்டுதான்.

இரண்டாவது, அந்த வகைக் கார்களையே பழுதுபார்க்கும் மெக்கானிக்கிடம் பணம் கொடுத்து, வாங்குவதற்கு முன் சோதிப்பது. விற்பவர் இதற்குத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

மூன்றாவது, கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாமல் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைப்பது. பேலன்ஸ் ஷீட்டில் ‘ஒதுக்கு’ என்று படிப்பது இதைத்தான். ரேடியேட்டர், ரப்பர் புஷ்கள், எண்ணெய்கள் எல்லாம் முதல் வருடத்திலேயே மாற்றப்படும் என்று வைத்துக்கொண்டால் பின்னால் அதிர்ச்சி இருக்காது. மலிவான காரைத் தேடி வாங்கியவர்களைவிட, பராமரித்த காருக்குக் கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கே பெரும்பாலும் மொத்தச் செலவு குறைகிறது.

குறைந்து செல் இருப்பு முறையில் சொத்தின் மதிப்பு குறைந்துகொண்டே போகும். ஆனால் ஒருபோதும் பூஜ்யத்தைத் தொடாது. பாடப்புத்தகம் சொல்லாத இன்னொன்றும் உண்டு: சில சமயம் அது திரும்பி ஏறும். ஒரு காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்த முதல் எம்5-ஐயும் 500 இ-ஐயும் இன்று சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். இ39 எம்5-ம் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. ஏட்டில் என்றோ செத்துப்போன கார்கள்தான் எல்லாம். இவற்றில் இன்று ஓடும் நிலையில் இருப்பவற்றை அப்படி வைத்திருப்பது, ஆசைக்கு வாங்கி அவசரத்துக்கு விற்றவர்கள் அல்ல. இரண்டாவது, மூன்றாவது கையாக வந்து பில்களைப் பத்திரப்படுத்தியவர்கள்.

1959-ல் மியூனிக் கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்வி, ‘இந்தச் செலவை எத்தனை வருடத்துக்குப் பிரிப்பது?’ என்பதுதான். பழைய காரின் சாவியைக் கையில் வாங்கும் எவரும் அதே கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.