உருகும் மணிக்கூடும் காமதேனுவும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை என்னிடம் படித்த ஒரு பிள்ளை வாட்ஸப்பில் போட்டோ ஒன்று அனுப்பியிருந்தான். ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீடு. ஹோலில் சோபாவுக்கு மேலே, ஒன்லைனில் வாங்கிய பிரேம் போட்ட பெரிய படம். அதில் ஒரு மணிக்கூடு மரக்கிளையில் காயப்போட்ட துணி மாதிரித் தொங்குகிறது. இன்னொன்று விளிம்பில் வழிகிறது. "சேர், எங்க அப்பாயி ரெண்டு நாளா சண்ட. ஓடாத மணிக்கூட்ட வீட்ல மாட்டக்கூடாதாம். பழைய சாமிப்படத்தையெல்லாம் எடுத்துட்டு இதையா மாட்டுவன்னு கேக்குறாங்க. இதுக்கு என்னா அர்த்தம் சேர்?" என்று கேட்டிருந்தான்.

அர்த்தத்தை விடுங்கள், வரலாற்றைச் சொல்கிறேன். மூலப்படத்தை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டுச் சல்வடோர் டாலி, 1931இல். நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த மூலம் 24க்கு 33 சென்ரிமீற்றர்தான், நம் பிள்ளைகளின் சித்திரக் கொப்பி அளவு. வெயிலில் உருகிய பாற்கட்டியைப் பார்த்து வந்த எண்ணம் என்று டாலியே சொல்லியிருக்கிறார். கனவில் வருவது போல, சேராதவற்றைச் சேர்த்து வரையும் இந்த முறைக்கு சர்ரியலிசம் என்று பெயர். 1924இல் பிரான்சில் ஆந்த்ரே பிரெத்தோன் அதற்கு ஓர் அறிக்கையே எழுதினார்.

சரி. இப்போது அப்பாயியின் பழைய காம்பராவுக்கு வாருங்கள். அங்கே என்ன தொங்கியது? பெண் முகம், பசுவின் உடல், பறவைச் சிறகு, மயில் தோகை. வயிற்றுக்குள் தேவர்கள். காமதேனு! பாரிஸில் அறிக்கை எழுதுவதற்கு முன்பே இப்படியான படங்கள் அச்சாகி விற்பனைக்கு வந்துவிட்டன. திருவிதாங்கூர் ஓவியர் ராஜா ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். நிறத்துக்கு ஒரு கல்லாக, கல்லில் வரைந்து ஒன்றன் மேல் ஒன்றாக அச்சடிக்கும் முறை. பிறகு அந்த அச்சகம் ஜெர்மன்காரரான ஷ்லைஷரின் கைக்குப் போனது. 1912 அளவில் அங்கிருந்து வந்த ஒரு பசுப் படத்தின் உடலில் 84 தேவர்கள் இருந்தார்கள்.

நம் நாட்டிலும் இதே கதைதான். எம். சார்லிஸ் வரைந்த புத்தர் வரலாற்றுப் படங்களை கொழும்பு டபிள்யூ. ஈ. பாஸ்டியன் நிறுவனம் ஜெர்மனியில் அச்சிட்டு எடுப்பித்தது. கேகாலைப் பக்கம் பழைய சிங்கள வீடுகளில் அவை இன்னும் உண்டு. தமிழ் வீடுகளுக்குப் பின்னாளில் சிவகாசிக் கலண்டர்கள் வந்தன. அவற்றுக்கு வரைந்தவர்களில் பெரியவர் கோவில்பட்டி கொண்டையராஜு. நாடகத் திரைச்சீலை வரைந்தவர். அதனால்தானோ என்னவோ, அவருடைய சாமிகள் மேடையில் நின்று நம்மையே பார்ப்பது போல் இருக்கும்.

எங்கள் வீட்டுச் சுவரையும் சொல்ல வேண்டும். உம்மும்மா காலத்தில் மக்கா, மதீனாப் படங்களுக்கு நடுவில் ஒரு புராக் படம் இருந்தது. குதிரை உடல், சிறகு, கிரீடம் வைத்த பெண் முகம். ஹதீஸில் வருவது கழுதையை விடப் பெரிய, கோவேறு கழுதையை விடச் சிறிய ஒரு வெள்ளைப் பிராணி மட்டும்தான். முகம் ஓவியர்கள் கொடுத்தது. பிற்காலத்தில் வாப்பா அதைக் கழற்றிவிட்டார். மார்க்க விவாதம் இந்தப் பதிவின் வேலை இல்லை. ஆனால் புராக்கையும் காமதேனுவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உடன்பிறப்புகள் மாதிரி இருக்கும். காமதேனுவின் இந்த வடிவமே புராக்கைப் பார்த்து வந்தது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இந்தியாவில் நம் படங்களை அச்சிட்ட வெளியீட்டாளர்களிலும் வரைந்தவர்களிலும் பலர் இந்துக்கள் என்று, இந்தப் படங்களைப் பற்றிப் புத்தகமே எழுதிய யூசுப் சயீத் காட்டுகிறார்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. சமையலும் படுக்கையும் அதற்குள்ளேயே. சுவர் புகையில் கறுத்திருக்கும். அந்தச் சுவர் குடியிருப்பவருக்குச் சொந்தமும் இல்லை. முதலில் கொம்பனி, 1970களில் அரசு, 1992க்குப் பிறகு மறுபடி கொம்பனி. அங்கே குடியிருந்தவர் தன் விருப்பத்துக்குச் செய்யக்கூடியது ஓர் ஆணி அடிப்பதுதான். கடைக்காரர் வருசப்பிறப்புக்குக் கொடுத்த கலண்டரில் மாதத் தாளைக் கிழித்துவிட்டு, படத்தை டவுனுக்குக் கொண்டுவந்து பிரேம் போட்டுப் போவார்கள். பின்பலகைக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை.

அந்த ஆணிகளையும் பிடுங்க வேண்டி வந்தது. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இடையில் 1977, இரத்தினபுரியில் 1981 ஓகஸ்ட், பிறகு 1983. அடி விழுந்து ஓடுகிறவன் பிரேமையா தூக்குவான்?

வாப்பாவின் கடைக்கு 70களில் தோட்டத்தில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. மறுநாள் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறப் போகிறவர்கள். கடைக் கணக்கைத் தீர்த்துவிட்டு, துணியில் சுற்றிய மூன்று படங்களை மேசையில் வைத்தார்கள். "மொதலாளி, கண்ணாடி ஒடஞ்சிரும். வீட்டுல வச்சிருங்க, யாராச்சும் வந்து எடுத்துக்குவாங்க." ஒருவரும் வரவில்லை. வாப்பா அவற்றை மாட்டவும் இல்லை, எறியவும் இல்லை. வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போதெல்லாம் இறக்கித் தூசு தட்டி, அதே துணியில் சுற்றித் திரும்ப அட்டாலையில் வைப்பார். ஏன் வாப்பா என்று சின்ன வயதில் ஒரு தரம் கேட்டேன். "அமானிதம்" என்றார், அவ்வளவுதான்.

வாப்பா மௌத்தாகிப் பல வருசம். நேற்று நான் இறக்கிப் பார்த்தேன். ஒரு முருகன், ஒரு லட்சுமி, ஒரு காமதேனு. காமதேனுவின் ஓரத்தைக் கறையான் தின்றிருக்கிறது, முகம் அப்படியே இருக்கிறது. பின்பலகையில் தேயிலைப் பெட்டியின் எழுத்துப் பாதி. அதன் கீழே பென்சிலில் லயத்து நம்பர்: 14.

தம்பி, உன் மணிக்கூட்டுப் படம் ஹோலில் இருக்கட்டும், வடிவாகத்தான் இருக்கிறது. அப்பாயியின் படங்களை எறிவதற்கு முன் கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா பார், பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. மற்றவர்களும் அனுப்புங்கள். 70களில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் 14ஆம் லயத்தில் இருந்து இந்தியா போன குடும்பம் யாருக்காவது தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். மூன்று படமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.