என்.டி.எம்-1

வேறு ஆன்டிபயாடிக்குகள் கைவிட்டபின் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் நம்பியிருக்கும் கார்பபெனம் மருந்துகளைச் சிதைத்துவிடும் நொதி இது. டெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம், கிளெப்சியெல்லா நிமோனியே பாக்டீரியாவில் 2008இல் கண்டறியப்பட்டது.

இந்த நொதியை உண்டாக்கும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ வளையத்தில் இருக்கிறது. அந்த வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இனப் பாக்டீரியாவுக்கும் தாவும். கிளெப்சியெல்லாவிடம் இருந்த எதிர்ப்பு ஈ.கோலைக்கும் வந்துசேரும். ஆபத்தின் வேர் இங்கேதான். கழுவாத கை, கதீட்டர், வென்டிலேட்டர் குழாய் வழியாக இந்தப் பாக்டீரியாக்கள் நோயாளிக்கு நோயாளி பரவுகின்றன. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பல நேரங்களில் மிஞ்சுவது, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கோலிஸ்டின் போன்ற சில மருந்துகளே.

சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற 2010 ஆய்வு சென்னை, ஹரியானா, பிரிட்டன் நோயாளிகளிடமும் இந்த நொதியைக் கண்டது. நொதிக்கு டெல்லியின் பெயர் (என்.டி. என்பது நியூ டெல்லி) சூட்டப்பட்டதற்கு இந்தியாவில் எழுந்த கோபம் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் கவலைப்பட வேண்டியது பரவலைப் பற்றி. 2011இல் டெல்லியின் குழாய்நீர் மாதிரிகள் சிலவற்றிலும் அந்த மரபணு கிடைத்தது.

ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிக்கும் வழிகளைக் கூறும் சென்னைப் பிரகடனத்தை இந்திய மருத்துவச் சங்கங்கள் 2012இல் வெளியிட்டன. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அட்டவணை எச்1 விதி, கார்பபெனம் உள்ளிட்ட மருந்துகளை விற்கும் கடைகள் சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்கக் கட்டாயப்படுத்துகிறது. கால்நடை, கோழி வளர்ப்பில் கோலிஸ்டினை இந்தியா 2019இல் தடைசெய்தது.