ஓடாத காருக்கும் ஓர் அறிவித்தல்

பிரித்தானியாவில் ஒருவர் தமது வீட்டுக் கராஜினுள் ஒரு காரை நிறுத்தி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். சென்ற வருடம்வரை ஓடிய கார். இப்போது அதன் எஞ்ஜின் கழற்றப்பட்டுவிட்டது. சக்கரங்களும் இல்லை, நான்கு மூலைகளிலும் செங்கற்கள் தாங்கி நிற்கின்றன. அது வீதிக்கு இறங்கப் போவதில்லை. ஆயினும், அந்தக் கார் ஓடவில்லை என்பதை அவர் அரசாங்கத்துக்கு அறிவித்திருத்தல் வேண்டும். அறிவிக்காவிட்டால் 80 பவுண் தண்டப்பணம் கோரும் கடிதம் வீடு தேடி வரும். விரைவாகச் செலுத்தினால் அது பாதியாகக் குறையும்.

இந்த அறிவித்தலுக்குரிய நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் 'சோர்ன்' என்கிறார்கள். வாகனம் வீதிக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளது எனச் சட்டப்படி தெரிவித்தல் என்பது அதன் பொருள். லண்டனில் வாழும் எம்மவர்களுக்கும் இச்சொல் பழக்கமானதே. வீதியில் ஓடும் வாகனங்களைக் கட்டுப்படுத்தப் பிறந்த சட்டம், ஓடாத வாகனம் நிற்கும் வீட்டின் கதவைத் தட்டுவதற்கு ஏறக்குறைய நூறு வருடங்கள் பிடித்தன. அந்த நூறு வருடக் கதை சுவையானது.

ஆரம்பம் 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார்ச் சட்டம். அது 1904 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. காரொன்றைப் பதிவு செய்ய 20 ஷில்லிங். மோட்டார் சைக்கிளுக்கு 5 ஷில்லிங். பதிவேடுகள் உள்ளூர்ச் சபைகளின் பொறுப்பில் இருந்தன. மணிக்கு 20 மைல் என்பது வேக எல்லை. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி மறையும் கனவானைப் பின்னர் கண்டுபிடிப்பதற்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. அதற்காகவே இலக்கத்தகடு வந்தது. லண்டனின் 'ஏ 1' என்ற இலக்கத்தைப் பெற்றவர் ரசல் பிரபு. தத்துவஞானி பேட்ரண்ட் ரசலின் மூத்த சகோதரர் இவர்.

இலக்கத்தகடு வெறும் தகரமன்று என்பதை இலங்கைத் தமிழருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1958இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக்கு எதிராக எழுந்த போராட்டமும் அதன் பின்விளைவுகளும் தனிக் கட்டுரைக்குரியவை. பிரித்தானியாவில் அத்தகடு மொழிச் சண்டை எதையும் கிளப்பவில்லை. அங்கு எழுந்த வினா வேறு: வண்டி ஓடாதபோது அந்த இலக்கத்துக்கு என்ன கடமை?

நெடுங்காலம் அதற்கு எவ்விதக் கடமையும் இருக்கவில்லை. 1920ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டங்களின்படி, 1921 ஜனவரி 1 முதல் கார்களுக்குக் குதிரைவலு ஒன்றுக்கு ஒரு பவுண் வீதம் வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்தியதற்குச் சான்றாக வட்டமான சீட்டு ஒன்றை முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டியிருந்தது. குதிரைவலுவை எஞ்ஜின் உருளைகளின் விட்டத்தைக் கொண்டு கணக்கிட்டமையால், விட்டம் பெருத்த அமெரிக்க எஞ்ஜின்கள் தண்டனை பெற்றன. ஃபோர்ட் 'மொடல் ரி' காருக்கு வருடத்துக்கு 20 பவுணுக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. ஒடுங்கி நீண்ட உருளைகள் கொண்ட சிறிய எஞ்ஜின்களைப் பிரித்தானியர் விரும்பிச் செய்ததில் இந்த வரிக்குப் பெரும் பங்குண்டு. இம்முறை போருக்குப் பின்னரே ஒழிந்தது. 1948 முதல் புதிய கார்களுக்கு 10 பவுண் என்று ஒரே அளவாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது, அவ்வரி பொது வீதியிற் பாவிக்கப்படும் வாகனத்துக்கான வரி என்பதாகும். வீதிக்கு வராத வண்டிக்கு வரியில்லை; வரியில்லை என்பதற்கு எவரிடமும் விளக்கம் சொல்லவும் வேண்டியதில்லை. காலாண்டுக்கு மட்டும் வரி கட்டும் வசதியும் இருந்தது. ஆகவே, குளிர்காலம் வந்ததும் காரைக் கொட்டகையில் இட்டுப் பூட்டிவிட்டு, வசந்தத்தில் வரி கட்டி வெளியே எடுப்பது நடுத்தர வகுப்பாரிடையே சாதாரண வழக்கமாக இருந்தது. இன்றும் பலர் அதை 'வீதி வரி' என்றே சொல்லுகிறார்கள். வீதி நிதிக்கென்று அப்பணத்தை ஒதுக்கும் முறை 1937இலேயே முடிவுக்கு வந்துவிட்டது. பெயர் மட்டும் நாவில் நிலைத்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நிற்கும் கார் குறித்து அரசாங்கம் இட்ட உத்தரவு விசித்திரமானது. 1940இல் ஜேர்மன் படை தரையிறங்கக்கூடும் என்ற அச்சம் நிலவியபோது, ஆளில்லாமல் நிறுத்தப்படும் கார் ஓடாதவாறு செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்று கட்டளை பிறந்தது. எஞ்ஜினைப் பற்றவைக்கும் கருவியின் சிறு பாகமொன்றைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு போனார்கள். பெற்றோல் பங்கீடு 1939 செப்டெம்பரிலேயே வந்துவிட்டது. 1942இல் தனியார் சொந்தத் தேவைக்கான பங்கும் நிறுத்தப்பட்டது. எண்ணற்ற கார்கள் ரயர் கழற்றப்பட்டு, கட்டைகளின்மேல் ஏற்றப்பட்டு, போர் முடியும்வரை கராஜ்களில் உறங்கின. யாழ்ப்பாணத்தவருக்கு இக்காட்சி புதிதன்று. 1990க்குப் பின்னர், எரிபொருள் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் எஞ்ஜினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் ஒருபுறமிருக்க, அதுவும் இயலாத ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் முற்றத்துக் கொட்டகைகளிற் கிடந்தன. லண்டனில் 1942இல் உறங்கிய காரின் சொந்தக்காரர் அதற்கென ஒரு பத்திரத்தையும் நிரப்பவில்லை. போர் முடிந்ததும் வரி கட்டி எடுத்து ஓடினார்.

இந்தச் சுதந்திரத்துக்கு முதலில் முடிவு கட்டியது வரிச்சட்டமன்று, கணனி. 1970களில், உள்ளூர்ச் சபைகளிடமிருந்த பதிவேடுகளை வேல்ஸின் தெற்கேயுள்ள சுவான்சி நகரத்து மத்திய நிலையத்துக்கு மாற்றும் வேலை நடந்தது. வரி கட்டி ஓடிய கார்களின் விபரங்கள் புதுப்பித்தலோடு புதுப்பித்தலாகக் கணனிக்குள் சென்றன. கொட்டகையில் நின்ற கார்களோ எவரிடமும் செல்லவில்லை. செல்ல வேண்டிய தேவை அதுவரை இருக்கவுமில்லை. 1983 நவம்பர் இறுதியுடன் கதவு மூடப்பட்டது. அதற்குமுன் பதிந்துகொள்ளாத கார்கள் பிறந்த நாள் முதல் சுமந்த இலக்கத்தின் மீதான உரிமையை இழந்தன. பழைய பதிவேடுகள் சில ஊர்களில் சுவடிக்கூடங்களுக்குச் சென்றன. வேறு சில ஊர்களில் அழிக்கப்பட்டன.

பின்னர் ஒரு பரிகாரம் கண்டார்கள். பழைய கார்ச் சங்கமொன்று வாகனத்தை ஆராய்ந்து சான்றளித்தால், பழைய பதிவுப் புத்தகம் போன்ற அக்காலத்து ஆவணத்தைக் காட்டினால், இலக்கத்தை மீளப் பெறலாம். ஆனால் அப்படிப் பெற்ற இலக்கத்தை வேறு காருக்கு மாற்ற முடியாது. அழகிய பழைய இலக்கங்கள் பெருந்தொகைக்கு விலைபோகும் நாட்டில் இந்த நிபந்தனை அவசியமானதே. ஆனாலும் தகப்பனின் கார் கொட்டகையில் இருக்க, பதிவுப் புத்தகம் எப்போதோ குப்பைக்குப் போயிருக்குமானால், அந்தக் குடும்பத்துக்குச் சங்கத்தாராலும் எளிதில் உதவ முடியாது. ஓடாமல் நின்றதைத் தவிர வேறெந்தக் குற்றமும் அந்தக் கார் செய்யவில்லை.

இனி 1998. அதுவரை, வரிச்சீட்டுக் காலாவதியான ஒரு காரைப் பற்றிச் சுவான்சிக்குத் தெரிந்தது ஒன்றே: வரி வரவில்லை. கார் உடைக்கப்பட்டதா, ஏற்றுமதியானதா, கராஜில் நிற்கிறதா, அல்லது வரி கட்டாமலே வீதியில் ஓடுகிறதா என்று பதிவேடு சொல்லாது. களவாக ஓட்டுபவரை வீதியில் ஒருவர் கண்ணாற் கண்டு பிடித்தால்தான் உண்டு. அவ்வாண்டு ஜனவரி 31ஆம் திகதியுடன் சோர்ன் முறை வந்தது. வரியைப் புதுப்பி, அல்லது ஓடவில்லை என்று சொல். அவ்வறிவித்தலும் 12 மாதங்களுக்கே செல்லும். ஆண்டுதோறும் திரும்பச் சொல்ல வேண்டும்.

உண்மையான மாற்றம் அதற்குப் பின்னர் வந்தது என்பது என் எண்ணம். 1994ஆம் ஆண்டுச் சட்டம், பொது வீதியிற் பாவிக்கப்படும் அல்லது வைக்கப்படும் வாகனத்துக்கு வரி என்றது. 2002ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அந்த வாசகத்தையே மாற்றி, பதிவு செய்யப்பட்ட வாகனத்துக்கு வரி என்று ஆக்கியது. பாவனை என்ற சொல் இருந்த இடத்தில் பதிவு என்ற சொல் வந்து அமர்ந்தது. 2004 முதல் இது செயலுக்கு வந்தபோது, வீதியிற் பொலிஸார் பிடிக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. கணனி தன் ஏடுகளைத் தானே புரட்டி, வரியுமில்லாத அறிவித்தலுமில்லாத இலக்கங்களுக்குக் கடிதம் அனுப்பத் தொடங்கியது. குற்றத்தை அரசு நிரூபித்த காலம் போய், ஓடவில்லை என்பதை உரியவர் முற்கூட்டியே சொல்லியிருக்க வேண்டிய காலம் வந்தது.

வரி ஏய்ப்பைத் தடுக்கவே இதைச் செய்தோம் என்று அரசு சொன்னது, அதில் நியாயமுண்டு. ஒழுங்காக வரி கட்டுபவர் ஏய்ப்பவரின் சுமையையும் ஏன் சுமக்க வேண்டும்? ஆனால் 40 வருடங்களைக் கடந்த பழைய கார்களைப் பாருங்கள். அவற்றுக்கு உரிய வரி பூச்சியம். அந்தப் பூச்சியத்தையும் ஆண்டுதோறும் விண்ணப்பித்துப் பெற வேண்டும். வீதிக்கு எடுக்காவிட்டால் சோர்ன் அறிவிக்க வேண்டும். ஒரு சதமும் இழக்காத அரசு இங்கே காப்பது பணத்தையன்று, பதிவேட்டை.

2011இல் காப்புறுதியும் இதே வலைக்குள் வந்தது. சோர்ன் அறிவிக்காத வாகனம் காப்புறுதியின்றி இருந்தால், அது அசையாமல் நின்றாலும் 100 பவுண் தண்டம். சோர்ன் அறிவித்த காரை வீதியில் ஓட்டிப் பிடிபட்டால் 2,500 பவுண்வரை போகலாம். முன்கூட்டி ஒழுங்கு செய்த தகுதிச் சோதனைக்குச் செல்லும் பயணம் மட்டும் விலக்கு. ஆண்டுதோறும் அறிவிக்கும் தொல்லை 2013 டிசம்பரில் நீங்கியது. இப்போது ஒருமுறை சொன்னால் மறுபடி வரி கட்டும்வரை அல்லது விற்கும்வரை செல்லும். 2014 ஒக்டோபர் 1இல் வட்டச் சீட்டும் மறைந்தது.

சங்கடம் பெரும்பாலும் இடைவெளிகளில் நேருகிறது. விற்றவர் அறிவித்த சோர்ன் வாங்கியவருக்குப் போகாது. அவர் புதிதாக அறிவிக்க வேண்டும். தபாலில் அனுப்பியவர், ஒப்புகைக் கடிதம் வராவிட்டால் தாமே விசாரிக்க வேண்டும். மரணவீட்டில் வாசலில் நிற்கும் காரின் ஞாபகம் யாருக்கு வரும்? சட்டத்தை மீறும் எண்ணமே இல்லாதவர்கள்தான் இவ்விடங்களில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். வேண்டுமென்றே ஏய்ப்பவனோ பொய் இலக்கத்தகட்டை மாட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

ஒரு சிறு கூட்டம் மட்டும் இன்றும் இந்த வலைக்கு வெளியே நிற்கிறது. 1998 ஜனவரி 31க்கு முன்னரே வீதியை விட்டு இறங்கி, அன்று முதல் இன்றுவரை ஒருமுறையேனும் வரி கட்டி ஓடாத கார்கள் அவை. அவற்றுக்கு அறிவித்தல் தேவையில்லை. ஆசை மேலிட்டு அவற்றுள் ஒன்றைத் திருத்தி, வரி எடுத்து, ஒரேயொரு நாள் வீதிக்குக் கொண்டுவந்து திரும்பக் கொட்டகையில் விட்டால், அதற்கும் சோர்ன் அறிவிக்க வேண்டும்.